கல்லூரி கால்பந்து அணியை ஒரு சீசன் முழுக்க நடத்துவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். பையன்களுக்கு பி.டி. சார். அணியை முதல் தடவையாகக் கையில் எடுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களும், கோச் இல்லாத கல்லூரிகளில் எல்லாவற்றையும் தாங்களே பார்க்க வேண்டியிருக்கும் கேப்டன்களும் என்னிடம் முதலில் கேட்பது ஃபார்மேஷனை, அதாவது பின்களம், நடுக்களம், முன்களம் என்று எத்தனை எத்தனை பேரை நிறுத்துவது என்பதைப் பற்றித்தான். 4-3-3 ஆடலாமா, 4-4-2 ஆடலாமா? அதற்கும் பதில் உண்டு, பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. ஜூன் மாதம் நீங்கள் எழுதும் 18 பேரும் டிசம்பரில் முட்டி நன்றாக இருந்து, வருகைப்பதிவு சரியாக இருந்து, சான்றிதழ் கையில் இருந்து பஸ் ஏற வேண்டும். நன்றாக ஆடத் தெரிந்த பல அணிகள் இந்த மூன்றில் ஏதோ ஒன்று சறுக்கித்தான் பாதியில் வீட்டுக்குப் போகின்றன.

எதற்காக ஆடுகிறோம் என்று முதல் நாளே சொல்லுங்கள்

பல பையன்களுக்குக் கல்லூரிப் போட்டிகள் எப்படி மேலே போகின்றன என்பதே தெரியாது. முதலில் ஒரே பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. எங்களுக்கு அது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகள் வரும். அதில் ஆடியவர்களிலிருந்து பல்கலைக்கழக அணியைத் தேர்வு செய்வார்கள். அந்த அணி, ஏ.ஐ.யூ. என்று நாம் சொல்லும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் தென்மண்டலப் போட்டிக்குப் போகும். நான்கு மண்டலங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் முதல் நான்கு இடம் பிடிக்கும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். நம் மண்டலத்தில்தான் கேரளப் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. கோழிக்கோடு பல்கலைக்கழகம் அகில இந்தியக் கோப்பையைப் பல முறை தூக்கிய அணி. எனவே முதல் நான்கு என்பது லேசான காரியம் இல்லை.

இதோடு இன்னொன்றையும் சொல்லுங்கள். மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில், பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்கான சான்று 'படிவம் 3' என்று ஒரு தாள். கல்லூரி ஜெர்சி போட்டால் அது கிடைக்காது. பல்கலைக்கழக ஜெர்சி போட்டு மண்டலப் போட்டியில் ஆட வேண்டும். எங்கள் கரையில் ஒரு வீட்டில் அந்தத் தாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதனால் கல்லூரி அணியை ஜெயிக்க வைப்பது ஒரு வேலை, அதிலிருந்து நான்கைந்து பேரைப் பல்கலைக்கழக அணிக்கு அனுப்புவது இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள்.

ஜூன்: ஆள் எடுப்பது

ட்ரையல்ஸை ஒரே நாளில் முடிக்காதீர்கள். பள்ளியில் ஸ்டார் என்று பெயர் வாங்கிய பையன் முதல் நாள் எல்லாப் பந்தையும் தானே வாங்கி ஆடிவிடுவான்; அமைதியான பையன் ஓரத்தில் நிற்பான். முதல் நாள் சின்ன ஆட்டம் வையுங்கள். 30 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டம், நாலுக்கு நாலு, கோல் கீப்பர் வேண்டாம். பந்து காலில் இருக்கும்போது என்ன செய்கிறான் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நீங்கள் பந்து பறிபோன அடுத்த நொடியைப் பாருங்கள். இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, திரும்பி ஓடுகிறானா? அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் முழு மைதானம்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரயுமன்துறை பையன்கள் கடற்கரை மணலில் ஆடி வளர்ந்தவர்கள். மணலில் பந்து எழும்பாது, உருளாது. அதனால் பந்தை ஆகாயத்திலேயே வைத்து ஆடப் பழகியிருப்பார்கள். நெஞ்சில் வாங்கித் தொடையில் இறக்கி அடிப்பதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். கெண்டைக்கால் இரும்பாக இருக்கும். ஆனால் கல்லூரியின் காய்ந்த செம்மண் மைதானத்தில் தரையோடு வரும் பந்து அவர்கள் காலைத் தாண்டி ஓடிவிடும். முதல் வாரம் இதைப் பார்த்துவிட்டு 'கன்ட்ரோல் இல்லை' என்று ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். இரண்டு மூன்று வாரம் தரைப் பந்து பழகக் கொடுங்கள், பிறகு பாருங்கள். இதே இரயுமன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ்தான் 2019இல் இந்திய அணிக்கு ஆடினார்; 2019-20இல் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் கோப்பை வென்ற கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிலும் இருந்தார்.

பூட்ஸ் இல்லாமல் வரும் பையனைத் திருப்பி அனுப்பக் கூடாது. படிப்பு முடித்துப் போகும் பையன்களிடம் பழைய பூட்ஸைக் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்து, சைஸ் எழுதி அலமாரியில் வையுங்கள். புதிதாக வாங்குபவர்களிடம் நீளமான ஸ்க்ரூ ஸ்டட்ஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் கெட்டித் தரையில் அது மண்ணில் இறங்காது, கணுக்கால்தான் மடங்கும். சின்னச் சின்ன ரப்பர் முனைகள் நிறைய இருக்கிற பூட்ஸ் போதும்.

25 பேரை வைத்துப் பயிற்சி தொடங்கி 18க்குக் கொண்டு வாருங்கள். இரண்டு கோல் கீப்பர் கட்டாயம், இரண்டாமவனும் நிஜமான கீப்பராக இருக்க வேண்டும். இடது கால் பையன் ஒருவன் இருந்தால் ஆட்டம் கொஞ்சம் கம்மியாக இருந்தாலும் விடாதீர்கள்.

பேப்பர் வேலை

இதை ஜூலையிலேயே முடித்துவிடுங்கள். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் நகல், கல்லூரி அடையாள அட்டை நகல், ஆதார் நகல், அந்த ஆண்டு கல்விக் கட்டணம் கட்டிய ரசீது, ஒரே மாதிரி எடுத்த ஆறு போட்டோ. ஏ.ஐ.யூ. விதிப்படி ஜூலை 1 அன்று வயது 17க்குக் குறையவும் கூடாது, 25ஐத் தாண்டவும் கூடாது. முதுகலைப் பையன்கள், இடையில் சில வருடம் கடலுக்குப் போய்விட்டுத் திரும்பப் படிக்க வந்தவர்கள் ஆகியோரின் பிறந்த தேதியை முதலில் பாருங்கள். ஒவ்வொரு ஆண்டும் வரும் சுற்றறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீங்களே படியுங்கள், யாரோ சொன்னதை நம்பாதீர்கள்.

பெயரில்தான் பெரிய தொல்லை வரும். எங்கள் பக்கம் அப்பா பெயர், வீட்டுப் பெயர், ஞானஸ்நானப் பெயர் என்று மூன்றும் கலந்து கிடக்கும். ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால், கல்லூரி அட்டையில் இனிஷியலே இருக்காது. வெளியூர்ப் போட்டி ஒன்றில் எங்கள் லெஃப்ட் பேக்கை, இந்த இனிஷியல் ஒன்றுக்காக, ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நிறுத்திவிட்டார்கள். அவன் பூட்ஸைக் கூடக் கழற்றாமல் கோட்டுக்கு வெளியே முழு ஆட்டமும் உட்கார்ந்திருந்தான். ஜூலையில் கவனித்தால் கல்லூரி அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தில் சரியாகிவிடும் விஷயம் அது.

அப்புறம் வருகைப்பதிவு. 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுதுவது சிக்கலாகிவிடும். போட்டிக்குப் போன நாட்களுக்கு ஓ.டி., அதாவது 'ஆன் டியூட்டி' வருகை தருவார்கள், ஆனால் போட்டிக்குப் போய்வந்த பிறகு போய்க் கேட்டால் துறைத் தலைவர்கள் முகம் சுளிப்பது நியாயம்தான். போகும் முன்பே பெயர், வகுப்பு, தேதி எழுதி முதல்வர் கையெழுத்தோடு ஒவ்வொரு துறைக்கும் ஒரு நகல் கொடுங்கள். கூடவே, அந்த நாட்களில் இன்டர்னல் தேர்வு இருந்தால் மறுதேர்வு தேதியையும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். போட்டி முடிந்து வந்ததும் பையனை அந்தந்த ஆசிரியரிடம் நேரில் போய் ரிசல்ட் சொல்ல வையுங்கள். இது சின்ன மரியாதை, ஆனால் அடுத்த தடவை கையெழுத்து வேகமாக விழும்.

ஜூலை: முட்டியும் தொடையும்

எங்கள் மாவட்டத்தில் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை நன்றாகவே பெய்யும். மைதானம் சேறாக இருக்கிற நாளில் முழு ஆட்டம் வேண்டாம். உடம்பைத் தயார் செய்ய இதுதான் நேரம்.

நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஃபிஃபா 11+ வார்ம்-அப். மொத்தம் 15 பயிற்சிகள், சுமார் 20 நிமிடம், பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. முதலில் மெதுவான ஓட்டங்கள், நடுவில் வலிமைக்கும் சமநிலைக்குமான பயிற்சிகள், கடைசியில் வேக ஓட்டம். 2008இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், இதை ஒழுங்காகச் செய்த இளம் வீராங்கனைகளுக்குக் கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பையன்கள் முதல் வாரம் சலித்துக்கொள்வார்கள், 'சார், பந்தைக் குடுங்க' என்பார்கள். கொடுக்காதீர்கள். பயிற்சிக்கு முன்னால் வாரம் இரண்டு மூன்று நாள் இது நடந்தே ஆக வேண்டும்.

அதில் ஒரு பயிற்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தப்பாகச் செய்வதுதான் அதிகம். பையன் முழங்காலில் நிற்க வேண்டும், முட்டிக்குக் கீழே ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். இன்னொருவன் பின்னால் உட்கார்ந்து அவன் கணுக்கால்கள் இரண்டையும் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். முட்டியிலிருந்து தலைவரை ஒரே நேர்கோடாக வைத்து, பையன் முன்பக்கமாக மெதுவாகச் சாய வேண்டும். இடுப்பு மடங்கக் கூடாது. எல்லோரும் இடுப்பைத்தான் மடக்குவார்கள். எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்க முடியுமோ அவ்வளவு தூரம் தொடையின் பின்சதையால் பிடித்துக்கொண்டே போய், முடியாதபோது கைகளை ஊன்றி விழ வேண்டும். ஆரம்பத்தில் மூன்று முதல் ஐந்து தடவை போதும். மறுநாள் படியிறங்கும்போது வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடிபட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள். இது ஹாம்ஸ்ட்ரிங்குக்கான காப்பு. கல்லூரி ஆட்டத்தில் நன்றாக ஓடுகிற விங்கர்களை உட்கார வைப்பது பெரும்பாலும் இந்தச் சதைதான்.

முட்டியில் அடிபட்டு வீங்கினால் 'எண்ணெய் போட்டுத் தடவினால் சரியாகிவிடும்' என்று வீட்டில் சொல்வார்கள். நீங்கள் விடாதீர்கள். திரும்பும்போது 'டொப்' என்று சத்தம் கேட்டது, சில மணி நேரத்தில் வீங்கியது என்று பையன் சொன்னால் எலும்பு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நான் சொன்ன சூசைராஜே 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்தில் முட்டியில் அடிபட்டு, அந்த சீசன் முழுவதும் வெளியே இருந்தார். ஐ.எஸ்.எல். வீரருக்குப் பின்னால் டாக்டர், பிசியோ எல்லோரும் இருப்பார்கள். நம் பையனுக்கு நாம்தான் இருக்கிறோம். தலையில் அடிபட்டுத் தடுமாறினாலோ, 'ஸ்கோர் என்ன' என்று கேட்டால் முழித்தாலோ, அன்றைக்கு அவன் திரும்ப உள்ளே போகக் கூடாது. இறுதி ஆட்டமாக இருந்தாலும் சரி.

ஆகஸ்ட்: படகு கிளம்பும் மாதம்

கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரை எங்கள் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எனவே ஜூனிலும் ஜூலையிலும் கரையோரப் பையன்கள் எல்லோரும் பயிற்சிக்கு வருவார்கள். உங்களுக்கும் உற்சாகமாக இருக்கும். ஆகஸ்ட் பிறந்ததும் படகுகள் ஆழ்கடலுக்குக் கிளம்பும். போனால் வாரக்கணக்கில் திரும்பாது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு அணி உருவாகிற அதே நேரத்தில் உங்கள் சென்டர் பேக் கடலில் இருப்பான்.

போனில் திட்டிப் பயனில்லை. ஜூலை கடைசி வாரத்தில் வீட்டுக்குப் போங்கள். நான் போன ஒரு வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த அம்மா நேராகக் கேட்டார்: "சாரே, இவன் அப்பனுக்க கூடப் போனா ரெண்டு காசு வரும். பந்து களிச்சா என்ன வரும்?" கேட்க வேண்டிய கேள்விதான். படிவம் 3 என்றால் என்ன, அதை வைத்து எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம், எதற்கு முடியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். வேலை கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. பிறகு போட்டித் தேதிகளை எழுதிக் காட்டி, அந்த நாட்களுக்கு மட்டும் விடச் சொன்னேன். இடைப்பட்ட நாட்களில் அவன் கடலுக்குப் போனான், கரையில் ஓடினான், திரும்பி வந்து ஆடினான். குடும்பத்துக்கும் அணிக்கும் நடுவில் ஒரு பையனை நிறுத்தி 'எது வேண்டும் சொல்' என்று கேட்காதீர்கள். தேதியை வைத்துப் பேசுங்கள்.

உங்கள் ஊரில் கடல் இல்லாமல் இருக்கலாம். அங்கே அறுவடை இருக்கும், கேட்டரிங் வேலை இருக்கும், ராத்திரி டெலிவரி வேலை இருக்கும். யார் எந்த மாதம் சம்பாதிக்கப் போகிறான் என்று ஜூனிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பயிற்சியும் ஃபார்மேஷனும்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கல்லூரி அணிக்கு 4-4-2 போதும் என்பது என் கருத்து. காரணம் எளிது. நமக்குக் கிடைப்பது மாலை நாலரை முதல் ஆறு வரை, அதுவும் லேப் இருக்கிற பையன் ஐந்து மணிக்குத்தான் வருவான். யார் எங்கே நிற்க வேண்டும் என்று இந்த நேரத்துக்குள் எல்லோருக்கும் புரிய வேண்டும். இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு பேர், வரிசைகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் இடைவெளி விடாதே: இதைப் பத்து நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நடுவில் ஆடத் தெரிந்த மூன்று பேர் உங்களிடம் இருந்தால் 4-3-3க்குப் போங்கள், தாராளமாக.

அதைவிட கார்னருக்கும் த்ரோ-இன்னுக்கும் நேரம் ஒதுக்குங்கள். கல்லூரிப் போட்டிகளில் எதிரணியும் நம்மைப் போலவே அவசரமாகச் சேர்ந்த அணிதான். கார்னரில் யார் யாரைப் பிடிப்பது என்று அவர்களும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். கிட்டத்துக் கம்பத்துக்கு வேகமாக ஒரு பந்து, அங்கே ஓடிவரும் ஒருவன் தலையால் தட்டிவிட, பின்கம்பத்தில் இன்னொருவன். இந்த ஒரே கார்னரை சீசன் முழுவதும் பழகுங்கள். பெனால்டியைப் பயிற்சியின் கடைசியில், எல்லோரும் களைத்திருக்கும்போது அடிக்க விடுங்கள். ஆட்டத்திலும் அப்படித்தான் அடிக்கப் போகிறார்கள்.

பந்தின் காற்றைக் கவனியுங்கள். விதிப்படி 0.6 முதல் 1.1 அட்மாஸ்ஃபியர், அதாவது 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம்; எடை 410 முதல் 450 கிராம். கையால் அழுத்திப் பார்த்து அடிப்பதை விட்டு, மீட்டர் வைத்த பம்ப் ஒன்று வாங்குங்கள். கெட்டித் தரையில் காற்று அதிகமான பந்து எழும்பிக்கொண்டே இருக்கும், பயிற்சி வீணாகும்.

ஆட்ட நாள்

விதிகளை ஒவ்வொரு ஜூலையிலும் புதிதாகப் படியுங்கள். உதாரணத்துக்கு, 2025 ஜூலை முதல் கீப்பர் பந்தைக் கையில் எட்டு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர். முன்பு ஆறு வினாடி, மறைமுக ஃப்ரீ கிக். அதையும் யாரும் பெரிதாக ஊதியதில்லை. இப்போது நடுவர் கடைசி ஐந்து வினாடியைக் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்டுவார். ஒரு கோல் முன்னிலையில் நேரம் கடத்தும் கீப்பருக்கு இதைப் பயிற்சியிலேயே எண்ணிக் காட்டிப் பழக்குங்கள்.

எங்கள் பையன்கள் கழுத்தில் ஜெபமாலை, கையில் கயிறு, காதில் கடுக்கன் என்று வருவார்கள். நகை எதையும் அணிந்து ஆட விதியில் இடமில்லை. மேலே டேப் ஒட்டி மறைப்பதும் செல்லாது. கோட்டருகே நின்று நடுவரோடு வாதாடினால் பையனின் மனம்தான் கலையும். ஒவ்வொருவர் பெயரும் எழுதிய கவர்களை கிட் பேக்கில் வைத்திருங்கள். ஜெபமாலையைக் கழற்றி முத்தமிட்டு கவரில் போட்டு உங்களிடம் கொடுக்கட்டும். மரியாதையாக வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஷின் பேட் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது, அதுவும் விதிதான்.

மைதானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், நீங்களும் கேப்டனும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். எந்தப் பக்கம் பள்ளம், எந்த கோல் முன்னால் புல் போய்விட்டது, காற்று எங்கிருந்து வருகிறது, வெயில் எந்த கீப்பர் கண்ணில் விழும். டாஸ் ஜெயித்தால் பக்கத்தை எடுக்கலாம், இல்லை பந்தைத் தொடங்குவதை எடுக்கலாம். எங்களைப் போலக் கடல் காற்று வீசும் இடத்தில் நேரம் ஆக ஆகக் காற்று ஏறும். அதனால் இரண்டாம் பாதியில் காற்று முதுகில் இருக்கிற மாதிரிப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

மாற்று ஆட்டக்காரர்கள் எத்தனை பேர், எத்தனை தடவையில் இறக்கலாம் என்பதை மேனேஜர்கள் கூட்டத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், போட்டிக்குப் போட்டி மாறும். பெனால்டி ஷூட்-அவுட்டுக்குப் போகும் போலத் தெரிந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கடைசி விசிலின்போது ஆட்டத்தில் இருப்பவர்கள்தான் அடிக்க முடியும். நன்றாக அடிக்கும் பையனை 85ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டால் அவ்வளவுதான்.

சாப்பாடு, தண்ணீர், பயணம்

ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இட்லியோ கஞ்சியோ பயறோ சாப்பிட்டிருக்க வேண்டும். காலை ஏழு மணி ஆட்டம் என்றால் அது நடக்காது. முந்தின இரவு சோறு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, காலையில் ஒரு ஏத்தன் பழமும் கொஞ்சம் வெல்லம் போட்ட கருப்புக்காப்பியும் போதும். முந்தின இரவு புரோட்டா கடைப் பக்கம் கூட்டமாகப் போவதை மட்டும் தடுத்துவிடுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கிடைத்தால் அதைவிட நல்ல சாப்பாடு வேறில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு முக்கியம், உப்பைக் குத்துமதிப்பாகப் போடக் கூடாது.

வெளியூர்ப் போட்டியில் தங்கும் இடம் பெரும்பாலும் ஏதாவது ஒரு வகுப்பறையாகத்தான் இருக்கும். ஆளுக்கு ஒரு பாய், போர்வை, கொசுவத்தி, துணி காயப்போடக் கயிறு கொண்டு போங்கள். தொடர்ந்து ஆட்டம் இருக்கும், ஈர ஜெர்சியோடு மறுநாள் இறங்கினால் தொடையிடுக்கு உரசிப் புண்ணாகிவிடும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. தேதி தெரிந்த அன்றே போட்டுவிடுங்கள், பிறகு பெயரை மாற்றுவது பெரிய அலைச்சல்.

நவம்பர் முதல் மார்ச் வரை

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், கூடவே செமஸ்டர் தேர்வு. பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். அரியர் வைத்திருக்கும் பையன்களைப் படிக்கிற பையன்களோடு ஜோடி சேர்த்து உடற்கல்வி அறையிலேயே உட்கார வையுங்கள். அங்கே ஃபேன் இருக்கிறது, இடம் இருக்கிறது, உங்கள் கண்பார்வையும் இருக்கிறது.

டிசம்பரில் இரண்டு இழுப்பு. ஒன்று, கிறிஸ்துமஸை ஒட்டி ஊருக்கு ஊர் நடக்கும் டோர்னமென்ட். இன்னொன்று, கேரளத்தில் மலப்புரம் பக்கத்து செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி. அங்கே ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பார்கள், நல்ல ஸ்ட்ரைக்கருக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். பணம் தேவைப்படும் பையனைப் போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அது முரட்டு ஆட்டம், கால் போனால் போனதுதான். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வான பையனிடம் மட்டும், தென்மண்டலம் முடியும்வரை வேறெங்கும் இறங்காதே என்று வாக்கு வாங்கிவிடுவேன். ஊர்க் கமிட்டிக்காரர்களிடமும் நானே போய்ச் சொல்வேன். ஊர்ப் பையன் பல்கலைக்கழகத்துக்கு ஆடுகிறான் என்றால் அவர்களுக்கும் பெருமைதான், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கல்லூரி அணி பாதியிலேயே தோற்றுவிட்டாலும் சீசனை மூடிவிடாதீர்கள். தேர்வுக் குழுவினர் கண்ணில் பட்ட பையன்கள் இருப்பார்கள். அவர்களுக்குத் தனியாகப் பயிற்சி தொடர வேண்டும், முகாமுக்குக் கூப்பிடும்போது மூச்சு வாங்கக் கூடாது.

பிப்ரவரியிலேயே சான்றிதழ் வேலையைத் தொடங்குங்கள். பல்கலைக்கழகத்துக்கு ஆடிய ஒவ்வொரு பையனுக்கும் பங்கேற்புச் சான்றிதழ் வந்திருக்கிறதா, பெயர் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கிறதா, போட்டி நடந்த இடமும் தேதியும் சரியா என்று பாருங்கள். படிவம் 3இல் பல்கலைக்கழக உடற்கல்வி இயக்குநர் கையெழுத்து வேண்டும். அதற்கு ஒரு நடை திருநெல்வேலி போக வேண்டியிருக்கும், சில நேரம் இரண்டு நடை. இறுதியாண்டுப் பையன்கள் ஏப்ரலில் தேர்வு முடிந்த கையோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். யாராவது சவுதிக்கும் போய்விடுவான். அதனால் அவர்களுடைய படிவங்களை முதலில் எடுங்கள். கையெழுத்தான தாளை ஸ்கேன் செய்து கல்லூரிக் கணினியில் ஒன்று, பையனுடைய மெயிலில் ஒன்று வையுங்கள். அசலை லேமினேட் செய்யாதீர்கள், சரிபார்ப்பில் சில அலுவலகங்கள் ஏற்காது. பையன் ஊரில் இல்லாவிட்டால் அவன் அம்மா கையில் கொடுத்து, இது என்ன தாள், எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.